காலி பண்ணுங்க!

"இது வீடா, காடா?"

கேட்டைத் திறந்ததுமே வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் புல் வளர்த்து வாடகைக்குக் கொடுத்த முற்றத்தில் சூரியகாந்தியும் சாமந்தியும் கும்மென்று நின்றன. எங்கு பார்த்தாலும் தேனீக்கள்.

"காடுன்னே வச்சுக்கோங்க சார்," என்றாள் வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா. செடிக்குத் தண்ணீர் விடுவதை அவள் நிறுத்தவில்லை.

"யாரையாவது கொட்டித் தொலைச்சா?"

"வம்புக்குப் போனாத்தான் கொட்டும். மனுஷங்க அப்படியா?"

"தெருமுனையிலேருந்து வீட்டுக்கு வீடு இதே கூத்து! என் வீடாவது லட்சணமா இருக்கட்டும். எல்லாத்தையும் பிடுங்குங்க."

"மாட்டேன்."

"அப்போ வீட்டைக் காலி பண்ணுங்க!"

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். "சரி சார்," என்று குழாயை மூடினாள்.

மாதக் கடைசியில் மிடுக்காகச் சாவி வாங்க வந்தார். வாசலில் வண்டி எதுவும் இல்லை. அவளுடைய தையல் மிஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். அங்கே முற்றம் வெறும் கட்டாந்தரை.

"அடுத்த வீட்டுக்கா போறீங்க?"

"ஆமா சார். ஒரு வீட்டுப் பூ தேனீக்குப் பத்துமா? தெருமுனையிலேருந்து ஒவ்வொரு வீடா குடியிருந்துக்கிட்டு வர்றேன். எல்லாரும் உங்களை மாதிரியேதான் துரத்தினாங்க."

தெருமுனை வரை பார்த்தார். வரிசையாக மஞ்சள்.

"இன்னிக்கே பிடுங்கி எறியறேன் பாருங்க!"

"அவங்களும் பிடுங்கினாங்க சார்." சாவியை அவர் கையில் வைத்தாள். "விதை எப்பவோ விழுந்தாச்சு. ஒரு மழை போதும்."