அப்பா வந்த ஆட்டம்

தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் இடம் வேண்டுமென்றால் பகல் பயிற்சி போதாது என்று, நிறைமதி தூக்கத்தில் காணும் கனவுகளையும் அவள் சேர்ந்திருந்த அகாடமி பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. கண்ணை மூடினால் விடியும்வரை ஆட்டம்தான்.

இன்று அப்பாவின் முதல் திதி. கனவில் வந்து அவர் கேட்பதைத்தான் படைக்க வேண்டும் என்று அம்மா அடுப்படியில் காத்திருந்தாள். அவளுடைய கனவில் அவர் ஒருநாளும் வந்ததில்லை.

"உன் கனவுலயாவது அப்பா வந்தாராடி?"

"வந்தாரும்மா. கூடைக்குக் கீழ கைய விரிச்சுக்கிட்டு நின்னாரு."

"என்ன கேட்டாரு?"

"தெரியலம்மா. எதிரணி ஆளுன்னு நெனச்சு, அவரைத் தாண்டிப் போயி பந்தைப் போட்டுட்டேன். நல்லா ஆடினேன்னு கோச் சொன்னாரு."

நிறைமதி குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அம்மா வெறும் சோற்றை எடுத்துப்போய்க் காக்கைக்கு வைத்தாள்.