பதிந்தவர் வந்திருக்கிறாரா

அன்று படுக்கை வசதியுள்ள அந்தக் காம்பர் வானில் இருந்தவர்கள் நால்வர்: கார்த்திகேசு, மனைவி நீலவேணி, மகன் தீபன், மருமகள் ஷாமளா. மனோர் பார்க் முருகன் கோயிலுக்காக லெஸ்டரிலிருந்து லண்டன் வந்திருந்தார்கள். தங்குமிடத்தை முன்கூட்டிப் பதிவது கார்த்திகேசுவுக்குக் கையேந்துவது போல. அவருக்குத் தெரியாமல் எப்போதும் பதிந்து வைத்தவள் மகள் குமுதா. அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

இப்படியான வண்டிகள் காசு கட்டி இரவு தங்கும் மூன்று முகாம்களில் வானை நிறுத்த இடமில்லை என்றுவிட்டார்கள். பின்னேரம் ஆறு மணியாயிற்று. நீலவேணிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

“பிளேஸ்டோவில சித்தப்பா வீடு இருக்குத்தானே, அப்பா.”

“படுக்க இடம் கேட்டு ஒருத்தன்ர வாசலிலயும் நான் நிக்கமாட்டன்.”

“அப்ப அம்மாவை றோட்டில படுக்க வைப்பம்,” என்றான் தீபன்.

நான்காவது முகாம்தான் கடைசி. வாசலில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். கார்த்திகேசு குடும்பம், ஐந்து பேர். இன்று காலை குமுதா என்பவர் பதிந்திருக்கிறார் என்றாள். பதிந்தவர் கூட வந்திருக்கிறாரா என்று கேட்டாள். வராவிட்டால் இடம் பின்னால் நிற்கும் வண்டிக்குப் போய்விடும்.

எழுபத்து நான்கு வயதுவரை கார்த்திகேசு பொய் சொன்னதில்லை. திரும்பி மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது கொதித்தது.

“மகள் உள்ளே இருக்கிறாள்,” என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஓர் இரவு தங்குவதற்காகச் செத்த பிள்ளையின் பெயரில் கார்த்திகேசு பொய் சொன்னார் என்று பிளேஸ்டோவில் கதைக்கிறார்கள். அது தவறு. மறுநாள் காலை எல்லோரும் தேநீர் குடித்த பிறகு ஷாமளா கழுவிய கோப்பைகள் ஐந்து.