அமைதி அறையில் வளர்ந்தவள்

சட்னி அரைபடுவதற்குள் ரேணுகா மூன்று முறை மிக்சியை நிறுத்திவிட்டாள். ஷூவைப் போடச் சொல்ல ஒரு முறை, சாப்பாட்டுப் பையை எடுக்கச் சொல்ல ஒரு முறை, சொன்னதையே மறுபடி சொல்ல ஒரு முறை. மிக்சி ஓடினால் மகள் ஆதிரைக்கு அம்மாவின் பேச்சும் அந்த இரைச்சலோடு கரைந்துவிடும். உடனே ஒரு விரலை நீட்டி, காற்றில் சுவிட்சை அணைத்துக் காட்டுவாள். நிறுத்திவிட்டுச் சொல் என்று அர்த்தம்.

எல்லாம் கணவன் தினகரின் ஏற்பாடு. கேட்கும் நரம்புகள் முதிரும் முதல் மூன்று வருடமும் பிள்ளையை அமைதி அறையில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒலியை மட்டும் கேட்க விட்டார்கள். குக்கர் விசில்கூட உள்ளே போனதில்லை. இப்போது ஐந்து வயதில், வீணையில் மயிரிழை சுருதி பிசகினாலும் சொல்லிவிடுகிறாள்.

"என்ன ஒரு காது பாத்தியா," என்றான் தினகர், இன்றைக்கும்.

"அந்தக் காத வச்சுக்கிட்டு ஒருநாள் நீங்க சட்னி அரைச்சுப் பாருங்க."

பள்ளி வேனுக்காக நிற்கும்போது ஆதிரையின் தொப்பி காற்றில் பறந்து சாலையில் விழுந்தது. அவள் அதன் பின்னாலேயே ஓடினாள். வளைவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"ஆதிரை, லாரி வருது, ஓடி வா," என்று ரேணுகா தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆதிரை நடுச்சாலையில் நின்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு, தினமும் சமையலறை வாசலில் செய்வதுபோலவே, பொறுமையாக ஒரு விரலை நீட்டிக் காற்றில் சுவிட்சை அணைத்தாள்.