இன்னும் லைட் எரியுதா?

"ஒரு லைட்டை அணைக்கத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குய்யா ஒரு ஒர்க்‌ஷாப்பு?"

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் போட்ட சத்தத்தில், காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை இடித்துக்கொண்டார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஹெட்மாஸ்டர் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். டாஷ்போர்டில், எஞ்சின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் லைட் பளிச்சென்று எரிந்தது.

"முதல்ல எஞ்சின் மிஸ்ஃபயர்னு எரர் கோட் காட்டிச்சு சார். காயிலை மாத்தினேன். அது சரியாயிடுச்சு. இப்ப என்னடான்னா, காத்து சென்சர்லேருந்து சிக்னல் வரலைன்னு வேற கோட் காட்டுது."

"நேத்து காயிலு, இன்னைக்கு சென்சரு. நாளைக்கு என்ன, சீட் கவரா?"

காத்திருந்த கஸ்டமர்கள் சிரித்தார்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"எங்கே கோளாறுன்னு பிடிபட மாட்டேங்குது சார்."

"பிடிபடாது! என் ஸ்கூல்ல படிச்சிருந்தா உன்னை பெஞ்சு மேலேயே நிக்க வச்சிருப்பேன்."

கூட வந்திருந்த ஹெட்மாஸ்டர் மனைவி சும்மா இருப்பாரா?

"இந்த ஆளை நம்பிக் கொடுத்ததுக்கு, நாமளே ஒரு ஸ்பேனரை வாங்கித் திருகிப் பார்த்திருக்கலாம். கழட்டத்தான் தெரியுது, மாட்டத் தெரியலை!"

இன்னும் பலமான சிரிப்பு. ஒருவர் மெதுவாகத் தன் கார் சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நான் அப்புறமா வர்றேன் பாஸ்."

போனால் வர மாட்டார் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும்.

"நாளைக்கு மெயின் ரோட்டு மெக்கானிக்கை இங்கேயே கூட்டிட்டு வர்றேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணுவார். பக்கத்துல கையைக் கட்டி நின்னு கத்துக்கோ!"

விறுவிறுவென்று திரும்பி நடந்தவர், வாசலில் எல்லாரும் விலகிப் போகிற டயரில் மோதிக்கொண்டார்.

"நடக்கிற வழியில டயரைப் போட்டு வச்சிருக்கியே, கண்ணு தெரியுதா உனக்கு?"

இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். சற்று நேரத்தில் அந்த அம்மா மட்டும் வேகமாகத் திரும்பி வந்தார், நாற்காலியில் விட்டுப்போன கைப்பைக்காக.

மெக்கானிக் நிமிரவில்லை. இன்னும் என்ன பாக்கி?

அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. நான் திட்டலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்."

"அது பரவாயில்லைம்மா. வண்டி எப்பவோ ரெடி. தினமும் அவர் வர்றதுக்கு முன்னாடி சென்சர் வயரை உருவி விட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி முழிக்கிறேன் பாருங்க, அதுதான் முடியலை. கண் முன்னாடியே கஸ்டமர் எழுந்து போறார். சார்கிட்ட நேராவே சொல்லிப் பார்க்கக் கூடாதா?"

"சொல்லாமயா இருப்பேன்? ஸ்கூல் பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுறப்ப இவர் பாட்டுக்குப் போறார். நான் அலறினப்புறம்தான் பிரேக்கையே மிதிச்சார். மயிரிழையில தப்பிச்சுதுங்க. கேட்டா பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் இல்லையாம். கண் டாக்டர்கிட்ட போகலாம்னா, அந்த டாக்டருக்கு முதல்ல கண்ணைச் செக் பண்ணணுமாம். காலம் பூரா அடுத்தவங்க தப்பையே திருத்தினவர் தம்பி. தன் தப்பு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது."

"ஏய், பஸ் வருது!" தூரத்திலிருந்து அதட்டல் கேட்டது.

"இதோ வந்துட்டேங்க!"

மெக்கானிக் பதறினார்.

"அம்மா, நாளைக்கு மெயின் ரோட்டு மெக்கானிக் வந்தா, பார்த்த மாத்திரத்துல வயரை மாட்டிடுவாரே? அப்புறம் என் மானம் கப்பலேறிடும்!"

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"காலையிலேயே அவர்கிட்டயும் பேசிட்டேன் தம்பி. அவருக்கும் பிடிபடாதாம்."