மூணு லென்ஸும் கோளாறு

“லென்ஸ் கோளாறும்மா” என்று வாஹித் பாஷா சொன்னதும் ஹெலனுக்குச் சுருக்கென்றது.

ஆம்பூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருப்பவள் அவள். பிலிம் காலத்தில் போட்டோவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்ட என்லார்ஜர் லென்ஸ்கள் மூன்று அவளிடம் இருந்தன. அவற்றைத் திருப்பிக் கேமராவில் மாட்டினால் எறும்பின் மீசையைக்கூட எண்ணலாம். அதனால் இப்போது அவற்றுக்குத் திடீர் மவுசு.

ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாகப் பூச்சி தேடிக் கிளம்பும் கூட்டம் ஒன்று ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் உண்டு. “பாய் பார்த்து ஓகே சொன்னா வாங்கிக்கறோம்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் நழுவிக்கொண்டார்கள். பாய் ஓகே சொல்லாவிட்டால் மூன்று லென்ஸும் பேப்பர் வெயிட்தான். கடையின் பேரும் கூடவே போகும்.

அந்தக் கூட்டத்துக்கு மூத்தவரான வாஹித் பாய், தோல் கம்பெனியில் காலமெல்லாம் தரம் பிரித்தவர். “தோல் விஷயத்துல என்னை ஒருத்தன் ஏமாத்த முடியாது” என்பதை, வணக்கம் சொல்வது மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். இன்று பெங்களூரிலிருந்து வந்திருந்த புது மாப்பிள்ளை யாசிரையும் கூட்டி வந்திருந்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டாண்டில் கேமரா, அதன் முன்னால் துருத்தி மாதிரி பெல்லோஸ், அதன் நுனியில் லென்ஸ். கீழே ஒரு நூறு ரூபாய் நோட்டு.

“யாரும் நடக்காதீங்க. ரோட்ல லாரி போனாக்கூடப் படம் ஆடும்” என்றாள் ஹெலன்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லேப்டாப்பில் நோட்டின் மெல்லிய கோடுகள் பிசிறில்லாமல் தெரிந்தன.

“மாஷா அல்லா!” என்றார் பாய்.

யாசிர்தான் குட்டையைக் குழப்பினான்.

“ஆம்பூர்ல வந்து நோட்டையா பாக்கறது? தோலை வெச்சுப் பாருங்க மாமா. உங்க பர்ஸை எடுங்க.”

“பர்ஸா? அது எதுக்கு மாப்ளே, பெல்ட் இருக்குதே” என்று பாய் இடுப்பில் கை வைத்தார்.

ஹெலன் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினாள்.

“ஐயோ, கடைல வேணாம் மாமா!”

பாய் வேறு வழியில்லாமல் பர்ஸை எடுத்து வைத்தார்.

திரையைப் பார்த்த ஹெலன் கண்ணைச் சுருக்கினாள். ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் தெரியாதா? அசல் தோல் என்றால் முடி இருந்த துளைகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். இதில் ஒரு துளையும் இல்லை. மேலே வழவழவென்று பிளாஸ்டிக். மடிப்பில் விரிசல் விட்ட இடத்தில், குறுக்கும் நெடுக்குமாகத் துணியின் நூல். சுத்தமான ரெக்சின்!

“இன்னா மாமா அது, கோடு கோடா? தோலுக்குள்ள நூல் இருக்குமா?” யாசிரின் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் பாய், லென்ஸ் கோளாறு என்று அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“இன்னா பாய், இப்பதானே நோட்டைப் பாத்து மாஷா அல்லான்னீங்க?”

“நோட்டு வேற, தோல் வேற. அடுத்ததைப் போடும்மா.”

அடுத்த லென்ஸில் நூல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“இது அதைவிட மோசம்.”

மூன்றாவதில் நூலின் பிசிறுகூடத் தெரிந்தது.

“போச்சு. கண்ணாடிக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு மாப்ளே. அதான் நூல் நூலாத் தெரியுது.”

யாசிரின் முகம் மலர்ந்தது. “பழைய சாமான்தானே மாமா, அப்படித்தான் இருக்கும்.”

ஹெலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷனின் பையில் ரெக்சின் பர்ஸ். அது வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். அதற்காக அடுத்தவள் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? பூஞ்சை என்று இவர் குரூப்பில் ஒரு வார்த்தை போட்டால் போதும், லென்ஸைக் கொண்டுபோய்ப் பாலாற்றில்தான் போட வேண்டும்.

“பாய், கோளாறு எதுலன்னு நான் சொல்லட்டா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று அவசரமாகக் குறுக்கிட்டார் பாய். “மாப்ளே, வண்டி வெயில்ல நிக்குது. சீட்டு கொதிக்கும். கொஞ்சம் நிழல்ல நிறுத்துங்க, வந்துடறேன்.”

யாசிர் படி இறங்கினானோ இல்லையோ, ஹெலன் வெடித்தாள்.

“அது தோலே இல்ல பாய், ரெக்சின்! அதுகூட தெரியாமயா இத்தினி வருஷம் தரம் பிரிச்சீங்க? உங்க கௌரவத்தைக் காப்பாத்திக்க என் லென்ஸ்தான் கெடைச்சுதா?”

பாய் பர்ஸைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு போனை வாய்க்கருகில் கொண்டுபோனார்.

“தோஸ்துங்களா, ஹெலன் கடை லென்ஸ் மூணும் ஏ ஒன். துணியில நூலைக்கூட எண்ணலாம். மொத லென்ஸ் எனக்கு.”

செய்தி குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

“அப்ப, பர்ஸ் ரெக்சின்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் ஹெலன்.

“கையில வாங்கனப்பவே தெரியும்மா.” பாய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரம்ஜானுக்கு மாமனாருக்குக் குடுக்கணும்னு பெங்களூர் பூரா அலைஞ்சு, அசல் தோலுன்னு நம்பி ஆசையா வாங்கியாந்தாரு. அந்தப் புள்ள முகம் வாடறதைப் பாக்கறதுக்கு, வாஹித் பாஷாவுக்குத் தோல் தெரியாதுன்னு ஊரே சொல்லிட்டுப் போகட்டுமே!”