முதல் வரிசை நடு நாற்காலி

“அது டாக்டர் சீட்டு. நீங்க பின்னாடி போய் உட்காருங்க.”

கட்டிய மனைவி இருபது பேர் முன்னால் இப்படிச் சொன்னால் எந்த மனுஷனுக்குத்தான் வயிறு எரியாது? லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆறு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த நடு நாற்காலியில் அவள் தன் கைப்பையைப் போட்டு இடம் பிடிப்பாள். பல் டாக்டர் வந்ததும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் மூன்றாவது மாடியில் கூடுகிற ரசிகர் வட்டம் அது. அவள் வாசிப்பது தெரமின். மின்சார வாத்தியங்கள் பிறந்த புதிதில் வந்த ஒரு பெட்டி; தொடவே வேண்டாம், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் காற்றில் கையை நகர்த்தினால் போதும், பாடும். கை ஒரு நூல் விலகினாலும் சுருதி விலகிவிடும்.

அதற்கென்றே அந்தக் காலத்து மேதைகள் எழுதிவைத்த இசையைக் கேட்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஒருவர் “கடல் கேட்டுச்சுங்க” என்பார். ஒரு பெண் “செத்துப்போன எங்கம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு” என்று மூக்கைச் சிந்துவாள். நம் மெக்கானிக்குக்குக் கொசு பாடுவது போலிருக்கும். அதை ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியும் தொலைத்தான். நாலு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

பல் டாக்டர் வேறு ரகம். முதல் சுரத்தில் கண்ணை மூடினால் கடைசிவரை ஆடாமல் அசையாமல் இருப்பார். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, பக்கத்து ஆள் தோளைத் தொட்டால்தான் அவர் தட்டவே ஆரம்பிப்பார்.

“ரசனைன்னா அது! இந்த உலகத்துக்குத் திரும்பி வரவே அவருக்கு நேரமாகுது பாருங்க” என்று வட்டத்தின் செயலாளர் அம்மா உருகிப்போவார்.

லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்று மாடி அந்தப் பெட்டியைச் சுமப்பது யார்? இந்த லிஃப்ட் மெக்கானிக். உள்ளே ஒயர் அறுந்தால் உட்கார்ந்து சால்டர் வைப்பது யார்? அதுவும் இவன்தான். நாற்காலி மட்டும் அந்த ஆளுக்கு!

வீட்டிலும் இதே கதைதான். அவள் வாசித்துப் பழகும்போது குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாலும் நிறுத்தமாட்டாள். இவன் கதவோரம் தலையை நீட்டினால் போதும், கையைக் கீழே போட்டுவிடுவாள். “கொஞ்சம் வெளிய இருங்களேன்” என்பாள். ரசனை இல்லாதவனுக்கு என்ன வாசிப்பது என்று நினைக்கிறாள் போல என்று அவன் தனக்குள் புழுங்குவான்.

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தான். கைப்பையை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு நடு நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தான்.

“ஏங்க, சொன்னா கேளுங்க. இன்னிக்கு வேணாம்.”

“ஏன், நான் உட்கார்ந்தா நாற்காலி ஒடிஞ்சிடுமா?”

அதற்குள் டாக்டரே வந்துவிட்டார். “பரவால்ல, பரவால்ல. எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்” என்று கடைசி வரிசைக்குப் போனார். பெரிய மனுஷத்தனம் வேறு!

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் கல்லாகிவிட்டான். அந்த ஆளால் முடிவது என்னால் முடியாதா? மூக்கு நுனி அரித்தது, கையை எடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது நிமிடமே சுருதி தள்ளாடியது. நீட்டி நிறுத்த வேண்டிய இடமெல்லாம் நடுங்கியது. கொசுவுக்கும் இசைக்கும் வித்தியாசம் தெரியாத அவன் காதுக்கே அது புரிந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டாக்டர் முன்னாடி இல்லல்ல? பாவம், அவளுக்கு மனசே ஓடல” என்று செயலாளர் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தார்.

அது சுருக்கென்று குத்தியது. அப்படியானால் ஊருக்கே தெரிந்திருக்கிறது! பதினோரு வருடக் குடித்தனம் கண்முன்னால் கைநழுவிப் போவது போலிருந்தது.

இசை ஒருவழியாக முடிந்தது. ஒப்புக்கு நாலு கைதட்டல். அதுவும் ஓய்ந்தபின் கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொர்ர்ர். தோளைத் தொட அங்கே பக்கத்து ஆள் இல்லை. செயலாளர் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் பெட்டியைக் கட்டியபடியே குதித்தான்.

“பார்த்தியா உன் ரசிகரை? நல்லாத் தூங்கறாரு!”

“தெரியும். ஆறு மாசமாத் தூங்கறாரு.”

“தெரிஞ்சுமா அவருக்கு முதல் வரிசை?”

“தூங்கறவர் அசையமாட்டாரே. முன்னாடி இருக்கறவங்க அசைஞ்சாலே இதுல சுருதி போயிடும். அதுக்குத்தான் அவரை உட்கார வெச்சேன்.”

எரிச்சல் பாதி அணைந்தது. மீதிப் பாதி எங்கே போகும்?

“நான் மட்டும் அசைஞ்சேனா? மூக்கு அரிச்சுது, சொறியக்கூட இல்ல. அப்புறம் ஏன் இன்னிக்கு அப்படி ஆச்சு? உண்மையைச் சொல்லு, அவரு எதிர்ல இல்லைன்னுதானே?”

அவள் ஒயரைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீங்க அசையலதாங்க. பதினோரு வருஷமாகியும், நீங்க பார்த்தா எனக்குக் கை நடுங்குது.”