அதே பெட்டி

“பெட்டிக்குள்ள தங்கமா வெச்சிருக்காங்க?”

மெக்கானிக் சொன்ன விலையைக் கேட்டதும் டாக்சிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்ஜின் கம்ப்யூட்டர் அண்ணே. வண்டிக்கு மூளை மாதிரி. உங்க மாடலுக்குக் கார் கம்பெனியே செய்யறதை நிறுத்திட்டாங்க. இப்போ வெளியில செஞ்சு தர்றது ஒரே ஒரு இடம்தான்.”

“உள்ளங்கை அகலம் இல்ல. இதுக்கு என் ரெண்டு மாச வருமானமா?”

இதுல உனக்கு எவ்வளவு கமிஷன் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே பெட்டியோடு வந்து நின்றார். மெக்கானிக் போனில் காட்டிய படத்தில் இருந்த அதே பெயர், அதே ஸ்டிக்கர். உதிரிபாகக் கடையில் ஐந்தில் ஒரு பங்கு விலை.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கென்னவோ சரியாப் படலைண்ணே.”

“உனக்கு எப்படிப்பா படும்? உன் பங்கு போச்சே!”

மெக்கானிக் முகம் சுருங்கிப்போனது. பெட்டியை மாட்டிக்கொடுத்தார்.

இரண்டு நாள் ஓடிய வண்டி, மூன்றாம் நாள் பாலத்தின் நடு உச்சியில் நின்றுவிட்டது. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பின்னால் ஹாரன் மழை. மெக்கானிக்கைக் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. பெட்டி வந்த அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். “அட்டையில கடைசியா இருக்கிற சீரியல் நம்பரைச் சொல்லுங்க.”

சொன்னார். “இன்னொரு தடவை சொல்லுங்க.” மறுபடியும் சொன்னார்.

“சரிண்ணே, பதறாதீங்க. சாவியைத் திருப்பிட்டு அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க.”

வண்டி உயிர் பெற்றது.

அவள் அத்தோடு விடவில்லை. மூன்று நாள் அவளாகவே கூப்பிட்டாள். காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறதா, சிக்னலில் உதறுகிறதா, ஏசி போட்டால் திணறுகிறதா? கேட்டுக் கேட்டு பெட்டிக்குள் ஓடும் ப்ரோகிராமைத் திருத்தி எழுதி அனுப்பினாள். டாக்சிக்காரரின் மகள் காருக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்து அதைப் பெட்டியில் ஏற்றினாள். நாலாம் நாள் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

“விலையும் மலிவு, கவனிப்பும் ராஜ கவனிப்பு!” வீட்டில் பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“பேசிக்கிட்டே இருக்காம, அந்தப் பொண்ணை நேர்ல பார்த்து ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க” என்றாள் மனைவி.

அவளிடமே முகவரி கேட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போனார். மாடியில் இரண்டே அறை. இரும்புச் சட்டத்தில் ஓர் இன்ஜின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் அவள் யாரிடமோ போனில், “பதறாதீங்கக்கா...” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவர், ஃப்ரிட்ஜில் விறைத்துக் கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“குளிர்லயும் ஓடணும், கொதிக்கிற வெயில்லயும் ஓடணும். ஒரு மாடலுக்கு ஒண்ணரை வருஷம் ஆகுதுங்க. அப்படியும் மொத்தமா விக்கிறது முந்நூறு பெட்டிதான்.”

“உழைப்பு தெரியுது தம்பி. விலையும் நியாயம்தான். நடுவுல இந்த மெக்கானிக்குங்க வைக்கிற கமிஷன்தான் கொள்ளை. நான் நேரா கடையில வாங்கினதால தப்பிச்சேன்.”

கணவர் நிமிர்ந்து பார்த்தார். “கமிஷனா? எந்த மெக்கானிக்கும் எங்ககிட்ட ஒத்தைக் காசு வாங்கினதில்லையே! நாங்க கடைக்கே சரக்கு போடறதில்லைங்க.”

“அப்போ என் பெட்டி?”

“எங்களோடதைப் பார்த்து யாரோ செஞ்ச போலி. ஸ்டிக்கரையும் அட்டையையும் எங்க போன் நம்பரோட அப்படியே அடிச்சு விட்டிருக்காங்க.”

டாக்சிக்காரர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இது... அவங்களுக்குத் தெரியாதா?”

“நீங்க சீரியல் நம்பரைச் சொன்ன அந்த நிமிஷமே அவளுக்குத் தெரியும். ‘பாலத்து நடுவுல நிக்கிறவர்கிட்ட, இது எங்க பெட்டி இல்லைன்னு எப்படிங்க சொல்றது’ன்னு சொன்னா.”